மூன்றாவது அடுக்கு

குழிக்காரி யாரையும் நம்ப மாட்டாள். அவளைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. முதலிலேயே சொல்லிவைத்துவிட்டால் பிறகு உங்களுக்குத் தூக்கிவாரிப் போடாது, அவ்வளவுதான். பால்காரர் ஊற்றும்போது எல்லோரும் பாத்திரத்தைப் பார்ப்பார்கள், இவள் பால்காரர் முகத்தைப் பார்ப்பாள். நாத்தனார் வந்து "செருப்பு நல்லா இருக்கு அண்ணி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், நாத்தனாருக்கு நம்மிடம் என்ன காரியம் ஆக வேண்டியிருக்கிறதோ என்று அன்று பூராவும் மண்டையைக் குடைந்துகொள்வாள். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை இரண்டு மருந்துக் கடையில் காட்டுவாள். இரண்டு பேரும் ஒரே மாத்திரையைக் கொடுத்தால், ரெண்டு பேரும் உறவாக இருக்குமோ என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பாள்.

அப்பாவிடமிருந்து வந்த குணம் அது. அவர் பழைய பாத்திரம் வாங்கி விற்றவர். பித்தளை என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் ஒரு ஓரத்தை ஆணியால் சுரண்டிப் பார்த்த பிறகுதான் தராசிலேயே வைப்பார். மகள் படித்து மண் ஆய்வு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, அந்த வேலையும் சுரண்டுகிற வேலையாகவே அமைந்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கென்றே தைத்த சட்டை மாதிரி கச்சிதமாகப் பொருந்தியது.

வேலை இதுதான். ஓர் இடத்தில் வீடு கட்டலாமா, பயிர் வைக்கலாமா, தண்ணீர் தேங்குமா என்று தெரிந்துகொள்ள ஆள் உயரத்துக்குக் குழி வெட்டுவார்கள். அதற்குள் அவள் இறங்குவாள். மண்வெட்டி பட்ட சுவர் வழவழவென்று மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி இருக்கும். அது பொய் முகம். கத்தி முனையால் கொத்திக் கொத்திப் பெயர்த்தால்தான் உள்ளே இருக்கிற அடுக்குகள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். ஒவ்வோர் அடுக்கும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நாடா பிடித்து அளக்க வேண்டும். ஒரு கட்டி எடுத்து நனைத்து விரல்களுக்கு நடுவே பிசைய வேண்டும். பட்டையாக நீண்டால் களிமண், உதிர்ந்தால் மணல். சுண்ணாம்பு கலந்திருக்கிறதா என்று தெரிய, ஒரு சொட்டு அமிலம் விட்டு நுரைக்கிறதா பார்க்க வேண்டும். கலர் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்னச் சில்லுகளோடு மண்ணை ஒப்பிட்டு நிறம் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் மேலே இருப்பவர் காதில் விழும்படி உரக்கச் சொல்ல வேண்டும். மேலே இருப்பவர் எழுதுவார்.

மேலே இருப்பவர் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை. இரண்டு பேரும் ஒரே பரீட்சை எழுதி ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவருக்கு வயது கொஞ்சம் கூட, அதனால் அண்ணன். முழங்கால் சொன்ன பேச்சுக் கேட்காது என்பதால் அவர் மேலே, அவள் கீழே என்று எப்போதோ முடிவாகிவிட்டது. அவள் கத்துவாள், அவர் எழுதுவார். ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒரு மண்கட்டியை அவள் மேலே நீட்டுவாள், அவர் பையில் போட்டுக் கட்டுவார். குழி முடிந்ததும் எழுதியதை அவர் திருப்பிப் படிப்பார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே "சரி... சரி..." என்பாள். கடைசிச் சரி சொன்ன பிறகுதான் ஏறுவாள். ஒருநாளும் அந்தத் தாளை வாங்கி அவள் பார்த்ததில்லை. புருஷனை விட்டால், உலகத்திலேயே அவள் சுரண்டிப் பார்க்காமல் விட்ட ஒரே ஆள் அண்ணன்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில்தான் ஒருநாள் அதிகாரி ஒரு கல்லைப் போட்டார். நல்ல எண்ணத்தோடுதான் போட்டார், பாவம்.

ஆற்று வெள்ளத்தில் வீடு இழந்தவர்களுக்குப் புது வீடு கட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். மேட்டு நிலம் ஒன்று, பள்ளத்து நிலம் ஒன்று, இரண்டில் எது தேறும் என்று குழிக்காரியும் அண்ணனும் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். மறுவாரம் அலுவலக வராந்தாவில் அவள் டீயும் கையுமாக நின்றபோது அதிகாரி பக்கத்தில் வந்தார்.

"பள்ளத்து நிலத்துல அடியில அந்தச் சாம்பல் அடுக்கைப் பிடிச்சீங்க பாருங்க, பெரிய காரியம்மா. இல்லேன்னா அந்த ஜனங்களை மறுபடியும் தண்ணியிலதான் கொண்டுபோய் வெச்சிருப்போம்."

அடியில் மண் சாம்பலாக இருந்தால் வருஷத்தில் பாதி நாள் அங்கே தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். வீடு கட்ட லாயக்கில்லை. எல்லாம் சரி. ஆனால் அவள் சாம்பல் என்று சொல்லவே இல்லையே! மேலிருந்து கீழ்வரை பழுப்பு, பழுப்பு, பழுப்பு என்றுதான் கத்தினாள். அண்ணனும் பழுப்பு என்றுதான் திருப்பிப் படித்தார். தாளில் மட்டும் சாம்பல் எப்படி வந்தது?

"ஆமா சார்" என்று சொல்லிவைத்தாள். மிச்ச டீயைச் செடியில் ஊற்றினாள்.

அப்புறம் என்ன, அவள் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. பள்ளத்து நிலத்துக்காரருக்கு நிலத்தைக் கொடுக்க இஷ்டமே இல்லை, அது ஊருக்கே தெரியும். தாளில் சாம்பல் என்று விழுந்தால் அவர் நிலம் தப்பித்தது. அன்றைக்கு அவரும் அண்ணனும் மரத்தடியில் நின்று சிரித்துச் சிரித்துப் பேசினார்களே, அது எதற்கு? அண்ணன் காலில் புது ஷூ போட்டிருந்தாரே, அது எங்கிருந்து வந்தது? கொஞ்ச நாளாக எழுதும்போது முதுகைத் திருப்பிக்கொள்கிறாரே, வெயில் கண்ணில் அடிக்கிறது என்றாரே, அடப்பாவி மனுஷா! ஒன்றை இழுத்தால் இன்னொன்று கூடவே வந்தது. எல்லாம் கனகச்சிதமாகப் பொருந்தியது. சந்தேகத்துக்கு அதுதானே சுகம், பொருந்தாத எதையும் அது கண்ணிலேயே காட்டாது.

அவள் புருஷன் தையற்காரர். அன்று மாலை கடையில் அவர் காலர் வெட்டிக்கொண்டிருக்க, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அவர்கிட்டயே கேட்டுடேன்" என்றார் அவர், கத்தரியை நிறுத்தாமல்.

"திருடன்கிட்டயே போயி, ஏம்ப்பா திருடினியான்னு கேக்கச் சொல்றீங்க."

"அவரைப் போயா திருடங்கற? நம்ம பொண்ணுக்கு அம்மை போட்டப்ப விடிய விடிய ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருந்த மனுஷன்டி."

"அதுவும் எதுக்கு உக்காந்தார்னு இப்பதான் யோசிக்கறேன்."

புருஷன் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். "நீ ஆணி வெச்சு சுரண்டாத ஆளு இனி நான் ஒருத்தன்தான்னு நினைச்சேன். போற போக்கைப் பார்த்தா எனக்கும் நாள் குறிச்சிட்ட போல." சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அவளுக்கும் வேதனைதான். இல்லை என்கிறீர்களா? ஆனால் ஏமாளியாக இருப்பதைவிட வேதனைப்பட்டாலும் பரவாயில்லை என்று வளர்ந்தவள் அவள்.

மறுநாள் அதிகாரியிடம் தனியாகப் போனாள். அண்ணன் தாளில் பொய் எழுதுகிறார், பள்ளத்து நிலத்தில் இன்னொரு குழி வெட்டலாம், நானும் அவருமே பார்க்கிறோம், மத்தியானம் நீங்களே நேரில் வந்தால் கையும் களவுமாகப் பிடித்துக் காட்டுகிறேன் என்றாள். அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "நிஜமாத்தான் சொல்றீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள்.

அடுத்த நாள் குழி தயாராக இருந்தது. வெட்டிய கூலிக்காரர் பக்கத்தில் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் வழக்கம்போல மேலே மடக்கு நாற்காலியைப் போட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு, "ம், சொல்லும்மா" என்றார்.

முதல் அடுக்கு பழுப்பு, வேர் நிறைய. சொன்னாள். இரண்டாவதும் பழுப்பு, அமிலத்துக்கு நுரைக்கவில்லை. சொன்னாள். மூன்றாவதை நனைத்துப் பிசைந்தாள். விரலில் பசைபோல ஒட்டி, விரல் நீளத்துக்குப் பட்டை வந்தது. சுத்தக் களி. அவள் ஒரு கணம் யோசித்தாள். அண்ணன் தன் இஷ்டத்துக்கு மாற்றுகிறவர் என்றால், தப்பாக ஒன்றைச் சொன்னால் அதையும் மாற்றுகிறாரா பார்த்துவிடலாமே!

"மூணாவது, பழுப்பு. மணல். பிசைய வரல, உதிருது."

"மணலா? சரிம்மா."

நான்காவதும் பழுப்புத்தான் என்றாள். ஒவ்வொரு கட்டியையும் மேலே நீட்டினாள், அவர் வாங்கிக்கொண்டார். எல்லாம் முடிந்தது. அண்ணன் திருப்பிப் படித்தார். பழுப்பு, பழுப்பு, பழுப்பு மணல், பழுப்பு. குரலில் ஒரு பிசிறு இல்லை. அவள் சரி சொல்லவில்லை. படியில் கால் வைத்து விறுவிறுவென்று ஏறி, அவர் மடியிலிருந்த அட்டையை வெடுக்கென்று பிடுங்கினாள்.

மூன்றாவது அடுக்கு, சாம்பல். நான்காவது, சாம்பல், நடுவே துருப் புள்ளிகள். மணல் மட்டும் அவள் சொன்னபடியே இருந்தது.

"எவ்வளவு குடுத்தான்?" என்றாள்.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. "யாரு, என்ன குடுத்தா?"

"நிலத்துக்காரன்! வாய்ல ஒண்ணு படிக்கறீங்க, கையில ஒண்ணு எழுதறீங்க. என்கிட்டயேவா அண்ணே? என் காதுலயா பூ சுத்தறீங்க?"

அவர் பையிலிருந்து நான்காவது அடுக்கின் கட்டியை எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அவள் உள்ளங்கையில் வைத்தார். கலர் புத்தகத்தை விரித்து நீட்டினார். "வெளிச்சத்துல நல்லா பார்த்துச் சொல்லு."

அவள் பார்த்தாள். பழுப்பு. பக்கத்தில் இருந்த சில்லையும் பார்த்தாள், அதற்குப் பக்கத்தில் இருந்ததையும் பார்த்தாள். எல்லாமே பழுப்பாகத்தான் இருந்தன. "பழுப்பு" என்றாள்.

அண்ணன் கூலிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சாம்பல்தானேம்மா? அடுப்புச் சாம்பலாட்டம் இருக்கு, இதுல என்ன சந்தேகம்?" என்றார்.

"இவரையும் கையில போட்டுட்டீங்களா?"

கூலிக்காரர் வாயைப் பிளந்தார். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். மண் பாதையில் ஒரு பெண் சைக்கிளில் காய்கறிக் கூடையோடு போய்க்கொண்டிருந்தாள். இவளை யாரும் விலைக்கு வாங்கியிருக்க முடியாது! ஓடிப்போய்ச் சைக்கிளை மறித்து, கையை நீட்டினாள். "இது என்ன கலர்?"

அந்தப் பெண் பயந்துபோய் மண்ணையும் பார்த்தாள், இவளையும் பார்த்தாள். "சாம்பல் கலரு. ஏன், என்னாச்சு?"

"நல்லா பாரும்மா. பழுப்பு இல்ல?"

"பழுப்புன்னா என் கூடையில உருளைக்கிழங்கு இருக்கே, அது பழுப்பு. இது சாம்பல்" என்று அவள் உருளைக்கிழங்கை எடுத்து மண்கட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். குழிக்காரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

அந்தப் பெண் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டாள். குழிக்காரி பாதையிலேயே நின்றாள். அவளுக்கு அழுகையாக வந்தது, பயமாகவும் இருந்தது. பழுப்பு என்று தான் கத்தியது அப்படியே தாளில் ஏறியிருந்தால், வெள்ளத்தில் எல்லாவற்றையும் தொலைத்த ஜனங்கள் இந்தப் பள்ளத்தில் குடியேறியிருப்பார்கள். முதல் மழைக்கே தரையில் ஈரம் ஊறி ஏறியிருக்கும். கெடுத்தது அண்ணன் இல்லை, தான்தான் கெடுக்க இருந்தோம் என்பது அவளுக்கு உறைத்தது.

அப்போது பார்த்தா அதிகாரியின் ஜீப் வந்து நிற்க வேண்டும்!

அவர் இறங்கி வந்து, அவள் கையில் இருந்த அட்டையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "சொல்லுங்கம்மா. என்ன பிடிச்சீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "என் தப்புதான் சார். காத்து சத்தத்துல சரியா காதுல விழல. நானா மாத்தி எழுதிட்டேன்."

ஒரு "ஆமா" சொன்னால் போதும். அண்ணனுக்கு ஒரு கண்டிப்பு வரும், இல்லையென்றால் இடமாற்றம் வரும். அவள் குழிக்குள்ளேயே இருப்பாள். குழியை விட்டால் அவளுக்கு என்ன இருக்கிறது? மேசையில் உட்கார்ந்து மற்றவர்கள் பார்த்து வந்த கணக்கைக் கூட்டிப் பெருக்க வேண்டும்.

"அவர் பொய் சொல்றார் சார்" என்றாள்.

"அதைத்தானே நேத்தே சொன்னீங்க."

"அது இல்ல சார். அவர் காது நல்லாத்தான் கேக்கும். எனக்குத்தான் கண்ணு போச்சு. சாம்பலும் பழுப்பும் எனக்கு ஒண்ணாத் தெரியுது. அவர் எழுதினதுதான் சரி. போன குழியிலயும் அவர் எழுதினதுதான் சரி."

அதிகாரி நீளமாக மூச்சை விட்டார். "எத்தனை நாளா?" என்று அண்ணனைக் கேட்டார்.

"மழைக்கு முன்னாலேருந்து சார். நிறத்தை மட்டும் மேல வர்ற கட்டியை வெச்சு நானே பார்த்து எழுதிடுவேன். மத்ததெல்லாம் அவங்க சொன்னதுதான்."

"நல்லா இருக்கு உங்க கூட்டு!" அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "அவங்களுக்குத் தெரியாம மாத்தறது நல்லதுக்கே ஆனாலும் தப்புதான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். நீங்க டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டுங்கம்மா, புரை விழுந்திருக்கும், எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் ஆச்சு, அறுத்துட்டா சரியாயிடும். அதுவரைக்கும் குழியில இறங்கக் கூடாது. இந்தக் குழியை அவரே இறங்கி முதல்லேருந்து பார்க்கட்டும், நீங்க எழுதுங்க." சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

கூலிக்காரர் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று நாசூக்காக நகர்ந்துவிட்டார். இரண்டு பேரும் குழியின் இரண்டு பக்கத்தில் நின்றார்கள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றாள்.

"சொன்னா நம்பியிருப்பியா? மனசைத் தொட்டுச் சொல்லு. உனக்குக் கண்ணு தெரியலம்மான்னு நான் சொல்லியிருந்தா என்ன நினைச்சிருப்ப?"

ஒரு நல்ல பொய் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை விழுங்கினாள். "என் இடத்தைப் பிடிக்கப் பாக்கறீங்கன்னு நினைச்சிருப்பேன்."

"அதான்" என்றார் அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை. அவள் தன்னைத் திருடன் என்றதைக்கூட அவர் பாதி மன்னித்துவிட்ட மாதிரி இருந்தது. சொன்ன பேச்சுக் கேட்காத முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு, படி படியாக, முனகிக்கொண்டே குழிக்குள் இறங்கினார். அவள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து புதுத் தாளைச் செருகினாள்.

முதல் அடுக்கைச் சொன்னார், எழுதினாள். இரண்டாவதைச் சொன்னார், எழுதினாள். மூன்றாவதில் சத்தம் நின்றுவிட்டது. அவள் எட்டிப் பார்த்தாள். அண்ணன் ஈர மண்ணை விரல்களுக்கு நடுவே நசுக்கி நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டை நீளமாகத் தொங்கியது. அவர் நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"இது களிம்மா. சுத்தக் களி. நீ மணல்னு சொன்னியே? நான் தொட்டுக்கூடப் பார்க்கல. உன் விரல் சொன்னா அப்பீலே கிடையாதுன்னு அப்படியே எழுதினேன். உனக்கு விரலும் மரத்துப் போச்சா? கை ஏதாச்சும் மதமதன்னு இருக்கா? சொல்லும்மா, இன்னைக்கே டாக்டர்கிட்ட போலாம்."

மரத்துப் போயிற்று என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அவர் பதறிக்கொண்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பார். வாசலில் உட்கார்ந்துகூட இருந்திருப்பார்.

"விரல் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "களின்னு எனக்கு அப்பவே தெரியும். வேணும்னேதான் மணல்னு சொன்னேன். உங்களைப் பிடிக்கறதுக்கு."

அண்ணன் திட்டுவார் என்று காத்திருந்தாள், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை. கையிலிருந்த களியைக் குழிச் சுவரில் துடைத்தார். விரல் விரலாக, நிதானமாகத் துடைத்தார். பிறகு அவளுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மூணாவது அடுக்கு" என்றார். "சாம்பல். களி. எழுதிக்குங்க மேடம்."

அவள் எழுதிக்கொண்டாள்.